தாமிர–சீரியா வினையூக்கியின் மேற்பரப்பை ஆராய்வது எப்படி? எக்ஸ்பிஎஸ் முதல் டிரிஃப்ட்ஸ் வரை முழுமையான வழிகாட்டி

சீரியா என்பது சீரியம் ஆக்சைடு, வெளிர்மஞ்சள் தூள். அதோடு தாமிர நைட்ரேட்டைக் கொஞ்சம் சேர்த்து உலையில் சுட்டெடுத்தால் கருஞ்சாம்பலாகிவிடும். நிறத்தோடு குணமும் மாறிவிடுகிறது. கார்பன் மோனாக்சைடை எரித்துக் கார்பன் டைஆக்சைடாக்கத் தனிச் சீரியாவுக்கும் தனித் தாமிர ஆக்சைடுக்கும் வேண்டிய சூட்டைவிட மிகக் குறைந்த சூடே இந்தக் கலவைக்குப் போதும். கலப்பு ஆக்சைடுகளின் இந்தத் திறமை புதிதல்ல. முதல் உலகப் போரின்போது அமெரிக்காவில் தாமிர ஆக்சைடையும் மாங்கனீசு டைஆக்சைடையும் கலந்து, நச்சுவாயு முகமூடிக்காக ஹாப்கலைட் என்ற வினையூக்கியை உருவாக்கினார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கலிஃபோர்னியா என்ற இரண்டு பல்கலைக்கழகப் பெயர்களும் சேர்ந்த பெயர் அது.

இரண்டு ஆக்சைடும் தொட்டுக்கொள்ளும் எல்லையில்தான் வேலை நடக்கிறது. அந்த எல்லை எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவில் தெரியாது. அங்கே சீரியாவின் படிகக் கோடுகள் மட்டும் அழகாக நிற்கும். தாமிரம் இருப்பதற்கான தடயமே இருக்காது. அதனால்தான் மேற்பரப்பு நிறமாலையியல் தேவைப்படுகிறது: எக்ஸ்-கதிரால் எலக்ட்ரான்களை வெளியேற்றி அளக்கும் எக்ஸ்பிஎஸ், சிதறி வரும் அகச்சிவப்புக் கதிரை அளக்கும் டிரிஃப்ட்ஸ் போன்ற முறைகள். தாமிர–சீரியா என்ற ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, தூளைத் தயார்செய்வதிலிருந்து முடிவை எழுதுவது வரை இங்கே சொல்கிறேன். மாங்கனீசு–கோபால்ட்டு, சீரியா–சிர்க்கோனியா என்று எதை எடுத்தாலும் பாதை இதுதான். எண்கள் மட்டும் மாறும்.

முதல் படி: கேள்வியை எழுதுங்கள், தூளின் வரலாற்றையும் எழுதுங்கள்

“எக்ஸ்பிஎஸ் எடுக்கணும்” என்பது கேள்வி ஆகாது. “மேற்பரப்பில் உள்ள தாமிரம் 1+ நிலையில் இருக்கிறதா, 2+ நிலையில் இருக்கிறதா?” என்பது கேள்வி. (ஓர் எலக்ட்ரானை இழந்திருந்தால் 1+, இரண்டை இழந்திருந்தால் 2+.) “தாமிரம் மேலே பரவியிருக்கிறதா, சீரியாவின் அணிக்கோவைக்குள், அதாவது படிகத்தின் அணு அடுக்குக்குள், புகுந்துவிட்டதா?” என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குத் தாமிரத்தின் முதன்மை முகட்டோடு (முகடு என்றால் பதிவில் எழும் உச்சி) அதன் துணை முகடுகளும், ஓஷே முகடும் வேண்டும். வெளியேறிய எலக்ட்ரானின் இடத்தை இன்னொன்று நிரப்பும்போது வெளிவரும் மற்றோர் எலக்ட்ரானின் உச்சிதான் ஓஷே முகடு. இரண்டாவதற்கு அணு விகிதம் வேண்டும். கேள்வி தெளிவாக இல்லையென்றால், கருவியில் கிடைத்த நேரம் முழுக்க வேண்டாத முகடுகளுக்கே போய்விடும்.

அடுத்தது வரலாறு. எந்த உப்பு, எந்தக் காரம், எத்தனை முறை கழுவினீர்கள், எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் சுட்டீர்கள், சுட்ட பிறகு எத்தனை நாள் வெளிக்காற்றில் கிடந்தது என்று எல்லாமே வேண்டும். மேற்பரப்பு என்பது அந்தத் தூளுக்குக் கடைசியாக நேர்ந்தவற்றின் பதிவு. சோடியம் ஹைட்ராக்சைடால் வீழ்படிவாக்கிச் சரியாகக் கழுவாமல் விட்டால் சோடியம் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். எக்ஸ்பிஎஸ் பதிவில் 1072 எலக்ட்ரான்வோல்ட்டில் (எலக்ட்ரானின் பிணைப்பாற்றலை அளக்கும் அலகு) அதன் முகடு தெரியும். அதோடு நில்லாமல், அதன் ஓஷே முகடு ஒன்று 536 வாக்கில் ஆக்சிஜன் முகட்டின் பக்கத்திலேயே எழும்பிக் குழப்பும். அம்மோனியா அல்லது யூரியாவை வைத்து வீழ்படிவாக்கினால் இந்தத் தொல்லை இல்லை.

சீரியா காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடையும் ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் இரண்டு வாரம் மேசையில் கிடந்த தூளும், அன்று காலை உலையிலிருந்து எடுத்த தூளும் வேறு வேறு மேற்பரப்புகள். ஒப்பிட வேண்டிய மாதிரிகளை ஒரே நாளில் சுடுங்கள், ஒரே மாதிரி கண்ணாடிக் குப்பியில் அடையுங்கள், ஒரே நாளில் அளக்கக் கொடுங்கள்.

என் ஆரம்ப காலத்தில் ஒரு மாதிரியில் 102 எலக்ட்ரான்வோல்ட்டில் ஒரு முகடு வந்தது. சிலிக்கன்! நான் போடாத தனிமம். கண்ணாடி மூடியில் தடவிய சிலிகோன் பசை தூளின் மேல் பரவியிருந்தது. இரண்டு மாத உழைப்பைக் கண்ணுக்கே தெரியாத ஒரு படலம் மூடிவிட்டது. அன்றிலிருந்து மேற்பரப்பு அளவீட்டுக்குப் போகும் எந்தக் குப்பியிலும் பசை தடவுவதில்லை.

இரண்டாம் படி: தூளை ஏற்றுதல்

எக்ஸ்பிஎஸ் என்பது ஐன்ஸ்டைன் 1905இல் விளக்கிய ஒளிமின் விளைவுதான். எக்ஸ்-கதிர் பட்டதும் எலக்ட்ரான் வெளியேறும். அதன் இயக்க ஆற்றலை அளந்தால், அது அணுவில் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருந்தது என்று தெரியும். இதை வேதியியலுக்குப் பயன்படும் கருவியாக வளர்த்தெடுத்தவர் சுவீடனின் கை சீக்பான். 1981இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர்.

இன்றைய கருவிகளில் பெரும்பாலும் அலுமினியக் கதிர்தான், 1486.6 எலக்ட்ரான்வோல்ட். அது தூளுக்குள் ஆழமாகவே போகும். ஆனால் வெளியே வரும் எலக்ட்ரானால் அவ்வளவு தூரம் ஆற்றல் இழக்காமல் வர முடியாது. தாமிர அணுவின் 2பி கூட்டிலிருந்தும் சீரிய அணுவின் 3டி கூட்டிலிருந்தும் வரும் எலக்ட்ரான்களுக்கு இந்தத் தூரம் சுமார் 1 நானோமீட்டர். அதனால் நாம் பார்ப்பதில் பெரும்பகுதி மேலே உள்ள 3 அல்லது 4 நானோமீட்டரிலிருந்து வருகிறது. சீரியாவின் அலகுக்கூடு, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய அலகு, 0.541 நானோமீட்டர். ஆக, மேற்பரப்பு என்று நாம் சொன்னாலும் ஆறேழு அலகுக்கூடு ஆழம் வரை சேர்த்தே பார்க்கிறோம். துகளே 5 நானோமீட்டர்தான் என்றால் ஏறக்குறைய முழுத் துகளையும் பார்த்துவிட்டோம் என்று பொருள். இதை மறந்துவிட்டு எழுதப்படும் வாக்கியங்கள் ஏராளம்.

தூளை இண்டியம் தகட்டில் அழுத்திப் பதிப்பது நல்லது. கார்பன் நாடாவில் தூவினால், நாடா எங்கேயாவது வெளியே தெரிந்து அதன் கார்பனும் ஆக்சிஜனும் கணக்கில் ஏறிவிடும். நாடாதான் கைவசம் என்றால் தூளைத் தடிமனாகப் போட்டு, சுத்தமான கண்ணாடித் தகட்டால் அழுத்தி, ஒட்டாததை ஊதிவிட்டு, கருப்பு எங்கும் எட்டிப்பார்க்கவில்லை என்று உருப்பெருக்கியில் பாருங்கள்.

ஆர்கான் அயனியால் மேற்பரப்பைச் சுரண்டிச் “சுத்தம்” செய்யவே வேண்டாம். உலோகத் தகட்டுக்கு அது சரி. ஆக்சைடில் அயனி பட்டால் ஆக்சிஜன் முதலில் பறந்துவிடும். சீரியம் 4+ ஒடுங்கி 3+ ஆகும், தாமிரம் 2+ ஒடுங்கி 1+ ஆகும். நீங்கள் தேடிப்போன பதிலை அயனிக்கற்றையே எழுதிக் கொடுத்துவிடும்.

மூன்றாம் படி: எதை முதலில் பதிவது

என்னைக் கேட்டால், இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான பத்தி இதுதான். எக்ஸ்-கதிரும் உயர் வெற்றிடமும் சேர்ந்து சீரியாவையும் தாமிர ஆக்சைடையும் மெல்ல மெல்ல ஒடுக்குகின்றன. கதிர் விழ விழ சீரியம் 3+ கூடிக்கொண்டே போகும். ஒருமுறை என் மூன்று மாதிரிகளில் கடைசியாக அளந்ததில்தான் சீரியம் 3+ அதிகம் என்று கொண்டாடினேன். நேரப் பதிவைப் புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அந்த மாதிரி மட்டும் அளவீடு தொடங்கும் முன்பே நெடுநேரம் கதிருக்கு அடியில் கிடந்திருக்கிறது.

அதனால் வரிசையை இப்படி வையுங்கள். முதலில் வேகமான ஒரு முழுநீளப் பதிவு, என்னென்ன தனிமங்கள் என்று பார்க்க மட்டும். உடனே தாமிரம் 2பி. அடுத்து சீரியம் 3டி. பிறகு தாமிரத்தின் ஓஷே பகுதி, ஆக்சிஜன் 1எஸ், கார்பன் 1எஸ். எல்லாம் முடிந்த பின் தாமிரம் 2பி, சீரியம் 3டி இரண்டையும் அதே இடத்தில் மறுபடியும் பதியுங்கள். முதல் பதிவும் கடைசிப் பதிவும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் நிம்மதி. பொருந்தாவிட்டால் கதிர்ச் சேதம் எவ்வளவு என்பது உங்கள் கையிலேயே இருக்கிறது. வேறொருவர் இயக்கும் கருவிக்கு மாதிரியை அனுப்புகிறீர்கள் என்றால் இந்த வரிசையைத் தாளில் எழுதிக் குப்பியோடு அனுப்புங்கள். கேட்டால் செய்து தருவார்கள். கேட்காவிட்டால் வழக்கமான வரிசையில்தான் போகும்.

நான்காம் படி: அளவுகோலை நேராக்குதல்

ஆக்சைடு மின்கடத்தாப் பொருள். எலக்ட்ரான் வெளியேற வெளியேற மாதிரியில் நேர்மின்னேற்றம் தேங்கி எல்லா முகடுகளும் இடம்பெயரும். மின்னேற்றத்தைச் சமன்செய்யும் எலக்ட்ரான் துப்பாக்கியைப் போட்டாலும் சிறிது மிச்சம் இருக்கும். எல்லோரும் செய்வது, காற்றிலிருந்து படிந்த கார்பனின் முகட்டை 284.8இல் வைத்து மற்றவற்றை நகர்த்துவது. சீரியாவில் இதை மட்டும் நம்பாதீர்கள். எந்தக் கார்பன், எதன்மேல் படிந்த கார்பன் என்பதைப் பொறுத்து அந்த எண் ஆடும். சீரியம் 4+ நிலைக்கே உரிய ஒரு முகடு 916.7 வாக்கில் தனியாக, தெளிவாக நிற்கிறது. அதை வைத்துச் சரிபாருங்கள். கார்பனை வைத்து நகர்த்தியதும் இந்த முகடு அரை எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் விலகி நின்றால் கார்பனைக் கைவிட்டுச் சீரியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதை வைத்து நகர்த்தினீர்கள், எவ்வளவு நகர்த்தினீர்கள் என்று கட்டாயம் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: தாமிரத்தைப் படித்தல்

தாமிரம் 2பி பகுதியில் முதலில் பார்க்க வேண்டியது முகட்டின் இடத்தை அல்ல, துணை முகடுகளை. 940க்கும் 945க்கும் இடையே அகலமான மேடு இருந்தால் தாமிரம் 2+ இருக்கிறது. 2+ நிலையில் 3டி கூட்டில் ஓர் இடம் காலி. அதனால்தான் அந்தத் துணை முகடு. 1+ நிலையிலும் உலோகத்திலும் 3டி கூடு நிரம்பியிருப்பதால் அது வராது. முதன்மை முகடு 2+ ஆக்சைடில் 933.6 வாக்கிலும், 1+ ஆக்சைடிலும் உலோகத்திலும் 932.5ஐ ஒட்டியும் இருக்கும்.

1+ நிலையையும் உலோகத்தையும் இந்த முகட்டால் பிரிக்கவே முடியாது. அதற்குத்தான் ஓஷே பகுதி. இயக்க ஆற்றல் அளவில் உலோகம் 918.6, தாமிரம் 1+ ஆக்சைடு 916.8, தாமிரம் 2+ ஆக்சைடு 917.7. இந்த எண்ணோடு 2பி முகட்டின் பிணைப்பாற்றலைக் கூட்டினால் கிடைப்பது ஓஷே அளவுரு. உலோகத்துக்கு 1851.2, 1+ ஆக்சைடுக்கு 1849.2. மின்னேற்றத்தால் ஒன்று எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு மற்றொன்று இறங்குவதால் கூட்டுத்தொகை அசையாது. நான்காம் படியில் பட்ட பாடு எதுவும் இதற்கு வேண்டாம் என்பதால் எனக்கு மிகப் பிடித்த எண் இது. ஒரு கவனம்: சீரியாமேல் மிக நுண்ணியதாகப் பரவிய தாமிரத்தில் இந்த எண்கள் சற்று இடம்பெயரும். பெரிய படிகங்களின் அட்டவணை எண்ணோடு அப்படியே பொருத்தக் கூடாது.

ஆறாம் படி: சீரியத்தின் பத்து முகடுகள்

சீரியம் 3டி பகுதியை முதல்முறை பார்ப்பவர் மிரண்டுவிடுவார். 880 முதல் 920 வரை ஒரே மலைத்தொடர். எலக்ட்ரான் வெளியேறிய பிறகு அணு பல விதமாகத் தன்னைச் சரிசெய்துகொள்ள முடிவதால் ஒரே நிலைக்குப் பல முகடுகள். 4+ நிலைக்கு மூன்று இணைகள், 3+ நிலைக்கு இரண்டு இணைகள், மொத்தம் பத்து. 1976 முதல் வழக்கில் உள்ள குறியீட்டில் ஒவ்வோர் இணையிலும் தாழ்ந்த ஆற்றலில் உள்ளது வி, உயர்ந்த ஆற்றலில் உள்ளது யு.

4+ நிலைக்கு 882.5, 889, 898.4, அவற்றின் இணைகள் 901, 907.5, 916.7. 3+ நிலைக்கு 880.5, 885, அவற்றின் இணைகள் 899, 903.5. எல்லாம் ஏறத்தாழதான், உங்கள் மாதிரியில் சில பத்திலொரு பங்கு நகரும்.

இந்த மலைத்தொடரைத் தனித்தனி முகடுகளாகப் பிரித்துப் பொருத்தும்போது கட்டுப்பாடுகளைத் தளரவிடாதீர்கள். ஒவ்வோர் இணையிலும் பரப்பு விகிதம் 3:2. ஓர் இணையின் இரண்டு முகடுகளுக்கும் இடையிலான தூரம் சுமார் 18.5 எலக்ட்ரான்வோல்ட். ஓர் இணையில் இரண்டுக்கும் ஒரே அகலம். இந்த மூன்றையும் பூட்டிவிட்டுத்தான் மென்பொருளை ஓடவிட வேண்டும். பூட்டாமல் விட்டால் கோடு தரவோடு அச்சு அசலாக ஒட்டிக்கொள்ளும், ஆனால் அதற்கு வேதியியல் பொருள் எதுவும் இருக்காது. முகடுகளுக்கு அடியில் வரையும் பின்னணிக் கோட்டை 875க்குக் கீழே தொடங்கி 920க்கு மேலே முடியுங்கள். நம் பொருளில் இங்கே ஒரு சங்கடம்: 916.7 முகடு இறங்கியதுமே தாமிரம் 2பி ஏறத் தொடங்கிவிடும். இரண்டையும் தனித்தனியே பதிந்தால் பின்னணியின் முனை எங்கே என்று தெரியாது. 870 முதல் 970 வரை ஒரே வீச்சாக ஒரு பதிவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னணியை முடிவுசெய்ய அது உதவும்.

3+ முகடுகளின் பரப்பைக் கூட்டி, மொத்தப் பரப்பால் வகுத்தால் 3+ பங்கு கிடைக்கும். அதை “18.37 சதவீதம்” என்று எழுதாதீர்கள். பின்னணியைக் கொஞ்சம் நகர்த்தினாலே சில சதவீதம் ஆடும். ஒரே தரவை மூன்று விதமான பின்னணி முனைகளோடு பொருத்திப் பாருங்கள். மூன்று விடைகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பிழை வரம்பு. இரண்டு மாதிரிகளின் வித்தியாசம் அதைவிடச் சிறியது என்றால், வித்தியாசமே இல்லை.

ஏழாம் படி: ஆக்சிஜன் 1எஸ், எல்லோரும் தடுக்கி விழும் இடம்

529.5ஐ ஒட்டி ஒரு பெரிய முகடு, அதன் தோளில் 531 முதல் 532 வரை ஒரு சிறியது. பெரியது அணிக்கோவை ஆக்சிஜன். இதில் கருத்து வேறுபாடு இல்லை. சிறியதைப் பலர் “ஆக்சிஜன் காலியிடம்” என்று எழுதுகிறார்கள். அதன் பரப்பைக் காலியிட அளவாக வைத்து, வினைவேகத்தோடு நேர்கோடும் போடுகிறார்கள்.

காலியிடம் என்பது ஆக்சிஜன் இல்லாத இடம். இல்லாத அணுவிலிருந்து எப்படி 1எஸ் எலக்ட்ரான் வெளியேறும்? அந்தத் தோள்பட்டை மேற்பரப்பு ஹைட்ராக்சில், கார்பனேட்டு, ஒட்டியிருக்கும் நீர் ஆகியவற்றுடையது. சீரியா போன்ற காரத்தன்மையுள்ள ஆக்சைடில் இவை எப்போதும் இருக்கும். கார்பன் 1எஸ் பகுதியில் 289ஐ ஒட்டி ஒரு முகடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கார்பனேட்டு. அதன் ஒவ்வொரு கார்பனுக்கும் மூன்று ஆக்சிஜன் 531 பக்கம் சேர்ந்திருக்கும். கழித்துப் பார்த்தால் பல “காலியிடங்கள்” அங்கேயே காணாமல் போகும். காலியிடம் இருக்கும் இடத்தில் நீர் பிளந்து ஹைட்ராக்சில் ஆகும், அதனால் மறைமுகத் தொடர்பு உண்டு என்று ஒரு வாதம் இருக்கிறது. இருக்கலாம். அப்படியென்றால் “ஹைட்ராக்சில்” என்றே எழுதுங்கள். இதே பிழையைச் சுமந்த கட்டுரைகளை மாணவர்கள் முன்மாதிரியாக எடுத்துத் தங்கள் ஆய்வேட்டில் மறுபடி எழுதும்போது எனக்கு மனம் தாங்குவதில்லை.

எட்டாம் படி: விகிதம்

ஒவ்வொரு முகட்டின் பரப்பையும் உங்கள் கருவிக்கு உரிய உணர்திறன் காரணியால் (தனிமத்துக்குத் தனிமம் முகடு பெரிதாகவும் சிறிதாகவும் வருவதைச் சரிசெய்யும் எண்) வகுத்து விகிதம் எடுங்கள். தாமிரம் 2பி எலக்ட்ரானும் சீரியம் 3டி எலக்ட்ரானும் ஏறத்தாழ ஒரே இயக்க ஆற்றலில் வருவதால் இரண்டும் ஒரே ஆழத்திலிருந்து பேசுகின்றன. இது நமக்கு வாய்த்த வசதி. சீரியா–சிர்க்கோனியாவில் சிர்க்கோனியம் 3டி இன்னும் ஆழத்திலிருந்து வரும். அங்கே விகிதம் எடுக்கும்போது கவனம் வேண்டும்.

செய்முறையில் தாமிரமும் சீரியமும் 1:9 என்று போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 0.11. எக்ஸ்பிஎஸ் 0.25 என்று சொன்னால் தாமிரம் மேலே மெல்லியதாகப் பரவியிருக்கிறது. 0.04 என்று சொன்னால் தாமிரம் பெரிய கட்டிகளாகத் திரண்டு, கட்டியின் உட்பகுதி கண்ணில் படாமல் போயிருக்கலாம், அல்லது சீரியாவுக்கு அடியில் புதைந்திருக்கலாம். 0.11 என்றே வந்தால் சீராகக் கலந்திருக்கிறது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். சில பரவியும் சில திரண்டும் இருந்தாலும் சராசரி அங்கே வந்து நிற்கும். முழுத் தூளின் உண்மையான விகிதத்தை அமிலத்தில் கரைத்து அளந்துகொள்வது அவசியம். கழுவும்போது தாமிரம் போயிருந்தால் 0.11 என்ற தொடக்க எண்ணே தவறு. வெளிவரிசை அணுக்களை மட்டும் அறிய வேண்டுமானால் ஹீலியம் அயனிகளைத் தெறிக்கவிட்டு அளக்கும் தாழ் ஆற்றல் அயனிச் சிதறல்தான் வழி.

ஒன்பதாம் படி: கார்பன் மோனாக்சைடையே தூது அனுப்புதல்

எக்ஸ்பிஎஸ் வெற்றிடத்தில் நடக்கிறது, வினை வாயுவில் நடக்கிறது. இந்த இடைவெளியை டிரிஃப்ட்ஸ் குறைக்கும். சூடேற்றக்கூடிய சிறு கிண்ணத்தில் தூளை வைத்து, வாயுவை ஓடவிட்டு, சிதறி வரும் அகச்சிவப்புக் கதிரை அளப்பது இது. ஒட்டும் கார்பன் மோனாக்சைடின் அதிர்வெண், எந்தத் தாமிரத்தில் ஒட்டியது என்று சொல்லிவிடும்.

தூளை ஆக்சிஜன் கலந்த வாயுவில் 300 டிகிரிக்குமேல் சூடேற்றி ஈரத்தையும் கார்பனேட்டையும் விரட்டுங்கள். ஹீலியத்தில் அறைவெப்பநிலைக்குக் குளிர்வித்து, அந்த நிலையிலேயே பின்னணியைப் பதியுங்கள். வேறு வெப்பநிலையில் எடுத்த பின்னணியைப் பயன்படுத்தினால் பொய்யான பட்டைகள் வரும். கார்பன் மோனாக்சைடு உருளையின் வாயில், மாசைப் பிடித்துவைக்கும் ஒரு பொறி வையுங்கள். எஃகு உருளைக்குள் இரும்புக் கார்பனைல் மெல்ல உருவாகும்; 2000 முதல் 2040 வரை (இந்தப் படியில் பட்டைகளின் எண்களெல்லாம் செ.மீ.⁻¹ அலகில்) பட்டை தெரிந்தால் அது உங்கள் வினையூக்கியுடையது என்று மகிழ வேண்டாம்.

தாமிரம் 1+ மேல் ஒட்டிய கார்பன் மோனாக்சைடு 2110ஐ ஒட்டி வலுவான பட்டை தரும். 2+ மேல் ஒட்டுவது 2140க்கு மேலே, பலவீனமாக. ஹீலியம் ஓடினாலே போய்விடும். உலோகத்தின் மேல் ஒட்டுவது 2100க்குக் கீழே. வாயுவின் சொந்தப் பட்டை 2143ஐ நடுவாக வைத்து இருபுறமும் விரிந்திருக்கும். அதைக் கழித்தாக வேண்டும்.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, சீரியாவைத் தொட்டிருக்கும் தாமிரம் 2+ஐ அறைவெப்பநிலையிலேயே கார்பன் மோனாக்சைடு 1+ ஆக ஒடுக்கும். 2110 பட்டை வந்ததால் தாமிரம் முன்பே 1+ ஆக இருந்தது என்று சொல்ல முடியாது. வாயு நுழைந்த முதல் நிமிடத்திலிருந்து தொடர்ச்சியாகப் பதிந்து, பட்டை உடனே வந்ததா, வளர்ந்துகொண்டே போனதா என்று பாருங்கள். இரண்டு, சீரியம் 3+ தானாகவே 2120 முதல் 2130 வரை ஒரு பலவீனமான பட்டை தரும். அது ஒட்டிய மூலக்கூறின் அதிர்வே அல்ல, சீரியத்தின் எலக்ட்ரான் தாவல். ஒடுங்கிய மாதிரியில் கார்பன் மோனாக்சைடு இல்லாமலேயே அது நிற்கும். கார்பன் 13 கொண்ட மோனாக்சைடு கிடைத்தால் ஐயம் தீரும்: 2110 பட்டை 2063க்கு இறங்கிவிடும், சீரியத்தின் பட்டை அசையாது. அது கிடைக்காவிட்டால் ஹீலியத்தில் மெல்லச் சூடேற்றுங்கள். தாமிரத்தின் பட்டை தேய்ந்துவிடும். ஆக்சிஜன் விடும்வரை சீரியத்தின் பட்டை போகாது.

குறையிடங்களுக்கு இன்னொரு சாட்சி ராமன் நிறமாலை. 1928இல் சி.வி. ராமன் கண்ட அதே ஒளிச்சிதறல். சீரியாவில் 464இல் கூர்மையான முகடும், அணிக்கோவை குலைந்தால் 600 வாக்கில் அகன்ற மேடும் வரும். அது மேற்பரப்பை மட்டும் பார்ப்பதில்லை. தாமிரம் சேர்ந்த கருந்தூள் லேசரை உறிஞ்சிச் சூடாகிவிடும் என்பதால் ஒளியின் திறனைக் குறைத்து வையுங்கள்.

பத்தாம் படி: வினைக்குப் பிறகு

வினை முடிந்த வினையூக்கியைக் காற்றில் எடுத்து அளந்தால், காற்று பட்ட வினையூக்கியைத்தான் அளக்கிறீர்கள். தாமிரம் 1+ இருந்திருந்தால் அது 2+ ஆகியிருக்கும். ஆர்கான் பெட்டிக்குள் உலையைத் திறந்து, காற்றுப் புகாத இடமாற்றுக் கலத்தில் வைத்து எக்ஸ்பிஎஸ்ஸுக்குக் கொண்டுபோங்கள். கலம் இல்லையென்றால் அந்த மாதிரியைப் பற்றி ஆக்சிஜனேற்ற நிலை எதுவும் எழுதாமல், அணு விகிதத்தை மட்டும் எழுதுங்கள். தாமிரம் திரண்டதா இல்லையா என்ற கேள்விக்கு அது போதும். பதிவுகளின் மூலக் கோப்புகளை, ஒவ்வொன்றும் தொடங்கிய நேரத்தோடு, நகர்த்தாத நிலையிலேயே சேமித்து வையுங்கள். கதிர் பட்ட மொத்த நேரத்தைப் பின்னாளில் யாராவது கேட்டால் அந்தக் கோப்பிலிருந்துதான் சொல்ல முடியும்.